64 பிட் புராசஸருக்கு எவ்வளவு ரேம் போடலாம்? பெட்டியில் எழுதாத அந்த எண்

அன்னூரிலிருந்து அத்தை பையன் வாட்ஸ்அப்பில் ஒரு போட்டோ அனுப்பினான். காந்திபுரத்தில் ஒரு கடையில் எழுதிக் கொடுத்த கொட்டேஷன். 'லேப்டாப் ரேம் 32 ஜிபி - 1' என்று இருந்தது. கூடவே ஒரு வாய்ஸ் நோட்: "அண்ணா, இது 64 பிட் புராசஸராமா. எவ்வளவு ரேம் வேணும்னாலும் போட்டுக்கலாம்னு கடைக்காரர் சொல்றாருங்க. வாங்கிரட்டுங்களா?"

பையன் மெக்கானிக்கல் மூன்றாம் ஆண்டு. கையில் இருப்பது செகண்ட் ஹேண்ட் லேப்டாப், இன்டெல் கோர் ஐ5-8250யு. ரேம் 8 ஜிபி. பம்ப் ஒன்றின் 3டி டிசைனை, எல்லா பார்ட்டும் சேர்த்துத் திறந்தால் மெஷின் அப்படியே உட்கார்ந்துவிடுகிறது. கோயம்புத்தூர் பக்கம் பம்ப் கம்பெனி வேலைக்குப் போக நினைக்கிற பையனுக்கு இது சின்னப் பிரச்சினை இல்லை.

"ஒரு நாள் பொறு தம்பி" என்றேன். அன்று ராத்திரி வீடியோ காலில் உட்கார்ந்து மூன்று இடத்தில் பார்த்தோம். லினக்ஸில் ஏற்றி புராசஸரையே கேட்டதில், 'என்னால் 512 ஜிபி வரை அடையாளம் காண முடியும்' என்கிற மாதிரி ஒரு பதில். இன்டெல் இணையதளத்தில் அதே புராசஸருக்கு அதிகபட்சம் 32 ஜிபி. லேப்டாப் கம்பெனியின் மேனுவலில் 20 ஜிபி.

ஒரே மெஷின், மூன்று பதில். மூன்றுமே உண்மை! ஆனால் பையனின் பணத்துக்குப் பொறுப்பு சொல்வது கடைசி எண் மட்டும்தான். அந்த எண் பெட்டியிலும் இல்லை, விளம்பரத்திலும் இல்லை, கடைக்காரரிடமும் இல்லை. இதைத்தான் இங்கே பேசப்போகிறோம்.

பின்கோடு மாதிரிதான்

ரேம் என்பது கோடிக்கணக்கான சின்னச் சின்ன அறைகள். ஒவ்வொரு அறையிலும் ஒரு பைட் தகவல். எந்த அறையில் எது இருக்கிறது என்று புராசஸருக்குத் தெரிய, ஒவ்வொன்றுக்கும் ஒரு முகவரி வேண்டும். அந்த முகவரி எத்தனை இலக்கம் என்பதுதான் எத்தனை அறை வைத்துக்கொள்ளலாம் என்பதை முடிவு செய்கிறது.

நம்ம பின்கோடை எடுத்துக்கொள்ளுங்கள். 1972 ஆகஸ்ட் 15-ல் அறிமுகமானது. அன்னூருக்கு 641653. மொத்தம் ஆறு இலக்கம். ஆறு இலக்கத்தில் 000000 முதல் 999999 வரை 10 லட்சம் எண்கள் எழுதலாம். ஆனால் நாட்டில் பயன்பாட்டில் இருப்பது சுமார் 19,000 பின்கோடுகள்தான். எழுத முடிகிற முகவரி வேறு, அங்கே நிஜமாகவே ஒரு தபால் ஆபீஸ் இருப்பது வேறு. இந்த ஒரு வித்தியாசம் பிடிபட்டுவிட்டால் பாதி விஷயம் முடிந்தது.

கம்ப்யூட்டரில் இலக்கத்துக்குப் பதில் பிட். ஒவ்வொரு பிட்டும் 0 அல்லது 1. அதனால் ஒரு பிட் கூடினால் முகவரிகள் இரண்டு மடங்கு ஆகும். 10 பிட்டுக்கு 1,024 முகவரி. 16 பிட்டுக்கு 65,536. இன்ஜினீயரிங் லேபில் 8085 கிட்டில் மண்டையை உடைத்துக்கொண்டவர்களுக்கு இந்த எண் ஞாபகம் இருக்கும். அந்தச் சிப்பில் முகவரிக்கு 16 கம்பிகள். அதனால் 64 கேபி, அவ்வளவுதான். 8085-ஐ '8 பிட் புராசஸர்' என்றுதான் பாடத்தில் படித்தோம், ஆனால் முகவரி 16 பிட். அதாவது புராசஸர் பெயரோடு ஒட்டி வருகிற 'பிட்' எண்ணும், முகவரியின் பிட் எண்ணும் ஆரம்பத்திலிருந்தே வேறு வேறு.

இன்டெல் 8086-ல் 20 கம்பி, 1 எம்பி. 80286-ல் 24 கம்பி, 16 எம்பி. 80386-ல் 32 கம்பி, 4 ஜிபி. இங்கே ஒரு வேடிக்கை. 386-க்கு விலை குறைந்த தம்பி ஒன்று வந்தது, 386எஸ்எக்ஸ். உள்ளே முழுக்க 32 பிட் சிப்தான். ஆனால் செலவைக் குறைக்க வெளியே முகவரிக்கு 24 கம்பி மட்டும் விட்டார்கள். பெயருக்கு 32 பிட், போட முடிந்தது 16 எம்பி! அதாவது 'பிட் பெருசு, எவ்வளவு வேணும்னாலும் போடலாம்' என்கிற கடைப் பேச்சு அப்போதே பொய்யாகிவிட்டது.

தலைகீழாகவும் நடந்தது. 1995-ல் வந்த பென்டியம் ப்ரோ 32 பிட் சிப். ஆனால் முகவரியை 36 பிட்டாக நீட்டிக்கிற ஒரு வசதியைச் சேர்த்தார்கள். 4 ஜிபி வரம்பு 64 ஜிபி ஆனது. ஆக, 32 பிட் என்றால் 4 ஜிபிதான் என்பதும் முழு உண்மை இல்லை.

64 என்று சொல்லி 39 தருகிறார்கள்

சரி, இப்போது 64 பிட். முகவரிக்கும் 64 பிட் என்று வைத்துக்கொண்டால் வருவது 16 எக்ஸாபைட். புரிகிற மாதிரி சொன்னால், 16 ஜிபி ரேம் உள்ள லேப்டாப்களை 107 கோடி எண்ணிக்கையில் அடுக்கி, அத்தனையின் ரேமையும் ஒரே சிப்புடன் இணைப்பது போல. யாருக்கும் தேவையில்லை. தேவையில்லாத ஒவ்வொரு பிட்டுக்கும் சிப்புக்குள் இடமும் மின்சாரமும் செலவாகும். அதனால் கம்பெனிகள் அத்தனை பிட்டையும் கொடுப்பதே இல்லை.

64 பிட்டை நம் மேஜைக்குக் கொண்டுவந்த ஏஎம்டியின் ஆப்டெரான் 2003-ல் வந்தபோதே நிஜ ரேம் முகவரிக்கு 40 பிட்தான் வைத்தார்கள், அதாவது 1 டிபி. இந்த வடிவமைப்பின் விதிப்புத்தகம் அனுமதிக்கிற உச்சமே 52 பிட், 4 பெட்டாபைட். நாம் வாங்குகிற இன்டெல் கோர் லேப்டாப்கள் பலவற்றில் இது 39 பிட். அங்கிருந்துதான் 512 ஜிபி என்ற முதல் பதில் வந்தது.

இதைக் கண்டுபிடிக்க ஊகமே தேவையில்லை, புராசஸரே சொல்லும். 'உன் முகவரி எத்தனை பிட்' என்று கேட்பதற்கென்றே சிபியுஐடி என்று ஒரு கட்டளை சிப்புக்குள் இருக்கிறது. லினக்ஸ் டெர்மினலில் எல்எஸ்சிபியு என்று ஆங்கில எழுத்தில் சேர்த்து டைப் செய்தால், 'அட்ரஸ் சைஸஸ்' என்ற வரியில் '39 பிட்ஸ் பிசிக்கல், 48 பிட்ஸ் வர்ச்சுவல்' என்பது போல வரும். நமக்கு வேண்டியது பிசிக்கல். வர்ச்சுவல் என்பது ஒவ்வொரு சாஃப்ட்வேருக்கும் 'இவ்வளவு இடம் உனக்கு' என்று காட்டுகிற கற்பனை வரைபடம், ரேம் வாங்குவதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. இரண்டையும் குழப்பிக்கொண்டு '256 டிபி வரை போடலாம்' என்று சொல்கிற வீடியோக்களும் இருக்கின்றன, உஷார்.

512 எப்படி 32 ஆனது?

பின்கோடு எழுதலாம், தபால் ஆபீஸ் வேண்டுமே. அந்த ஆபீஸ்தான் மெமரி கன்ட்ரோலர். ரேம் சிப்புகளோடு நேரடியாகப் பேசுகிற பகுதி. இன்டெல்லில் 2008 வரை இது மதர்போர்டில் தனி சிப்பாக இருந்தது, அதற்குப் பிறகு புராசஸருக்குள்ளேயே வந்துவிட்டது.

இந்த கன்ட்ரோலருக்கு எத்தனை சேனல், ஒரு மாட்யூலில் எவ்வளவு அடர்த்தியான சிப்பை அதற்குப் புரியும் என்று தனிக் கணக்கு உண்டு. ஐ5-8250யு-வில் இரண்டு சேனல். லேப்டாப்பில் சேனலுக்கு ஒரு மாட்யூல். அந்தத் தலைமுறை கணக்கில் வைத்தது 8 ஜிகாபிட் சிப்புகளை, அதாவது ஒரு சிப்பில் 1 ஜிபி. ஒரு மாட்யூலில் அப்படி 16 சிப், மொத்தம் 16 ஜிபி. இரண்டு மாட்யூலுக்கு 32. இன்டெல் தளத்தில் இருக்கும் 32 இதுதான். கொட்டேஷனில் இருந்த ஒற்றை 32 ஜிபி மாட்யூலுக்கு இதைவிட இரு மடங்கு அடர்த்தியான சிப் வேண்டும். சில மெஷின்களில் அது அதிர்ஷ்டவசமாக வேலை செய்யும்தான். சிலவற்றில் திரையே வராது. மாணவர் காசில் செய்கிற பரிசோதனை இல்லை இது.

பழைய லேப்டாப் வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு தகவல். கோர் 2 டுயோ காலத்தில், இன்டெல் 945 வகை சிப்செட் போட்ட மெஷின்கள் நிறைய விற்றன. புராசஸர் 64 பிட், விண்டோஸும் 64 பிட் போடலாம், 4 ஜிபி ரேமும் உட்காரும். ஆனால் கண்ணுக்குத் தெரிவது 3 ஜிபி சொச்சம். சிப்செட்டின் முகவரி 4 ஜிபியோடு முடிந்துவிடுகிறது. அதிலும் கிராஃபிக்ஸ், நெட்வொர்க் கார்டு மாதிரி ரேம் இல்லாத சாதனங்களுக்கும் முகவரி ஒதுக்க வேண்டும். அவை எடுத்தது போக மீதிதான் ரேமுக்கு. 32 பிட் விண்டோஸில் '4 ஜிபி போட்டேன், 3.2 தான் காட்டுது' என்று ஊரே புலம்பியதற்கும் இதேதான் காரணம். ரேம் கெட்டுப்போகவில்லை, முகவரி தீர்ந்துபோனது.

32 எப்படி 20 ஆனது?

இது எளிது. அந்த லேப்டாப் மாடலில் 4 ஜிபி ரேமை போர்டிலேயே பற்ற வைத்துவிட்டார்கள். மீதி ஒரே ஒரு ஸ்லாட். அதில் அதிகபட்சம் 16. கூட்டினால் 20. புராசஸர் என்ன சொன்னால் என்ன, இன்டெல் என்ன சொன்னால் என்ன, வீட்டில் ஒரு கதவுதான் இருக்கிறது.

இப்போது வருகிற மெலிதான லேப்டாப்கள் பலவற்றில் அந்த ஒரு கதவும் கிடையாது. முழு ரேமும் போர்டில் ஒட்டியது. வாங்கும்போது 8 என்றால் கடைசி வரை 8. வேகத்துக்கும் பேட்டரிக்கும் இது நல்லது என்று கம்பெனிகள் சொல்வதில் உண்மை இருக்கிறது. ஆனால் அதை வாங்குகிறவரிடம் சொல்லாமல் விற்பதற்கு அது காரணமாகாது.

கடைசிக் காவல்காரன்: விண்டோஸ்

ஹார்டுவேர் எல்லாம் சரி என்று விட்டாலும் ஆபரேட்டிங் சிஸ்டம் மறிக்கலாம். இதற்குத் தமிழ்நாட்டிலேயே நல்ல உதாரணம் இருக்கிறது. 2011 செப்டம்பர் 15-ல் தொடங்கிய விலையில்லா லேப்டாப் திட்டம். இதைப் படிக்கிற உங்களில் பலருக்கு முதல் கம்ப்யூட்டரே அதுதான். ஆரம்ப கட்ட லேப்டாப்களில் 2 ஜிபி ரேம். விண்டோஸ் ஸ்டார்ட்டர் எடிஷனும், சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இரண்டும் இருந்தன.

விண்டோஸ் 7 ஸ்டார்ட்டரின் ரேம் வரம்பு 2 ஜிபி. மைக்ரோசாஃப்ட் போட்ட உரிமக் கட்டுப்பாடு அது, புராசஸரின் இயலாமை இல்லை. அதே தலைமுறையில் 64 பிட் ஹோம் பேசிக்குக்கு 8 ஜிபி, ஹோம் பிரீமியத்துக்கு 16 ஜிபி, ப்ரொஃபஷனலுக்கு 192 ஜிபி. காசுக்கு ஏற்ற முகவரி! பாஸ் லினக்ஸ் பக்கம் போனால் அந்தப் பூட்டு கிடையாது. இது தெரிந்து அந்தப் பக்கம் போனவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள்? யாரும் சொல்லித் தரவில்லையே. இன்றைய விண்டோஸ் 11 ஹோமுக்கு வரம்பு 128 ஜிபி, ப்ரோவுக்கு 2 டிபி. நம் பட்ஜெட்டுக்கு இப்போது இது தடையில்லை.

போனில் ரேம் மாற்றவே முடியாது, அதனால் இந்தக் கணக்கு அங்கே வேண்டாம் என்று நினைக்கலாம். ஆனால் '8+8 = 16 ஜிபி ரேம்' என்று விளம்பரம் வருகிறதே, அதில் இரண்டாவது 8 ரேமே இல்லை. போனின் ஸ்டோரேஜில் ஒரு பகுதியை ரேம் மாதிரி நடிக்க வைப்பது. ஸ்டோரேஜ் ரேமைவிட பல மடங்கு மெதுவானது. கூட்டல் குறி போட்டு எழுதுவதுதான் தப்பு.

எழுதிப் போட்டால் என்ன?

இந்தத் தலையங்கத்தின் கேள்வி இதுதான். ஒரு மெஷினில் கடைசியாக எவ்வளவு ரேம் போடலாம் என்பது ரகசியம் இல்லை. தயாரித்தவருக்கு அது மிகச் சரியாகத் தெரியும். பிறகு ஏன் அதைத் தேட ஒரு மெக்கானிக்கல் மாணவன் லினக்ஸ் ஏற்ற வேண்டும்?

2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், பொருளின் தரம், அளவு, ஆற்றல் பற்றித் தெரிந்துகொள்வதை நம் உரிமை என்கிறது. 2022 ஜூலையில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை, பழுதுபார்க்கும் உரிமைக்காக ஒரு குழு அமைத்தது. விவசாயக் கருவிகள், வாகனங்களோடு மொபைலும் எலெக்ட்ரானிக்ஸும் அதன் பட்டியலில் இருந்தன. ரேம் கூட்டும் வசதியும் அந்தப் பேச்சில் வர வேண்டிய விஷயமே. பெட்டியின் பக்கவாட்டில் மூன்றே தகவல் போதும்: இப்போது எவ்வளவு ரேம், ஒட்டியதா கழற்றலாமா, கடைசியாக எவ்வளவு வரை. ஃபிரிட்ஜில் நட்சத்திரம் ஒட்டுகிற நாட்டில் இது முடியாத காரியமா?

அரசே பெரிய வாடிக்கையாளர் என்பதால் இங்கிருந்து தொடங்கலாம். 2025 மார்ச் 14 பட்ஜெட்டில், இரண்டு ஆண்டுகளில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு லேப்டாப் அல்லது டேப்லெட் என்று தமிழ்நாடு அரசு அறிவித்தது. முதல் கட்ட லேப்டாப்களில் 8 ஜிபி ரேம், 256 ஜிபி எஸ்எஸ்டி. 2011-ன் 2 ஜிபியோடு பார்த்தால் பெரிய முன்னேற்றம்தான், சந்தேகமே இல்லை. ஆனால் முதல் ஆண்டில் 8 போதும் என்கிற மாணவருக்கு நான்காம் ஆண்டு ப்ராஜெக்ட்டில் 16 தேவைப்படலாம். டிசைன், வீடியோ எடிட்டிங், மெஷின் லேர்னிங் என்று எது எடுத்தாலும் முதலில் தீர்வது ரேம்தான். அதனால் அடுத்தடுத்த டெண்டர்களில் காலியாக ஒரு ஸ்லாட் என்பதைக் கட்டாயமாக்க வேண்டும். உச்ச வரம்பைத் தமிழில் அச்சடித்து லேப்டாப்போடு கொடுக்க வேண்டும். ஒரு துண்டுச்சீட்டுச் செலவு.

இதில் அவசரமும் இருக்கிறது. 2025 அக்டோபர் 14-ல் விண்டோஸ் 10-க்கான ஆதரவு முடிந்ததால் பழைய மெஷினைத் தேற்றுவதா புதிது வாங்குவதா என்று பலர் யோசிக்கிறார்கள். அதே நேரத்தில் ஏஐ டேட்டா சென்டர்கள் மெமரி சிப்பை அள்ளிக்கொண்டு போக, ரேம் விலை எகிறிவிட்டது. மைக்ரான் தன் க்ரூஷியல் நுகர்வோர் பிராண்டையே நிறுத்தப்போவதாக 2025 டிசம்பரில் அறிவித்தது. இந்த விலையில் பொருந்தாத ஒரு மாட்யூலை வாங்கிவிட்டு, 'திறந்த பெட்டி, திரும்ப எடுக்க மாட்டோம்' என்று கேட்டு நிற்பதெல்லாம் ரொம்ப வலிக்கும்.

அதுவரை நாமே பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். விண்டோஸில் டாஸ்க் மேனேஜர் திறந்து, பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் மெமரியைத் தொடுங்கள். எத்தனை ஸ்லாட், எத்தனை நிரம்பியிருக்கிறது என்று வரும். அங்கே 'ஃபார்ம் ஃபேக்டர்' என்ற இடத்தில் 'ரோ ஆஃப் சிப்ஸ்' என்று இருந்தால் போர்டில் ஒட்டிய ரேம் என்று அர்த்தம். பிறகு லேப்டாப்பின் முழு மாடல் எண்ணை அடியில் பார்த்து, கம்பெனி தளத்தில் சர்வீஸ் மேனுவலைத் தேடுங்கள். புராசஸர் தளத்தின் எண்ணும் மேனுவல் எண்ணும் வேறாக இருந்தால், சின்னதை நம்புங்கள். டிடிஆர்3, 4, 5 மூன்றும் ஒன்றுக்கொன்று பொருந்தாது என்பது கடைக்காரருக்கே தெரியும், ஆனாலும் பில்லில் எழுதி வாங்குங்கள்.

பையன் கொட்டேஷனை மாற்றி 16 ஜிபி மாட்யூல் ஒன்று வாங்கினான். ஞாயிற்றுக்கிழமை போட்டுவிட்டு ஸ்க்ரீன்ஷாட் அனுப்பினான். பம்ப் அசெம்பிளி திறந்திருந்தது, சுழற்றியும் காட்டினான். கீழே ஒரு கேள்வி: "20 ஜிபி, ஆனா 19.9 தான் யூஸ் பண்ணலாம்னு காட்டுதுங்கண்ணா. கடைக்காரர் ஏமாத்திட்டாருங்களா?"

"இல்லடா, அது கிராஃபிக்ஸ் எடுத்துக்கிட்ட இடம்" என்று பதில் போட்டேன்.